கதையை நம்பிய சிறுவர்கள்

1947 பிப்ரவரியில் லண்டனில் திரைக்கு வந்த 'ஹ்யூ அண்ட் க்ரை' என்ற படத்தில் துப்பறிவோர் அனைவரும் பதினான்கு, பதினைந்து வயதுக்காரர்கள்; குற்றவாளிகள் மட்டும் பெரியவர்கள். ஈலிங் ஸ்டூடியோ தயாரித்த இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் எண்பது நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும். இயக்கியவர் சார்லஸ் கிரைட்டன். கதை வசனம் எழுதியவர் டி.இ.பி. கிளார்க். தயாரித்தவர், 1938 முதல் அந்த ஸ்டூடியோவை நடத்திவந்த மைக்கேல் பால்கன். பின்னாளில் 'ஈலிங் நகைச்சுவை' என்று பெயர் பெற்ற படவரிசை இதிலிருந்தே தொடங்குகிறது என்பது திரைப்பட வரலாற்றாசிரியர்களின் பொதுவான கணக்கு. அந்த வரிசையில் அடுத்தடுத்து வந்தவற்றின் புகழ் இந்த முதல் படத்தை ஓரளவு மறைத்துவிட்டது. அது நியாயமில்லை. சிறுவர்களை வைத்துச் சிரிப்பும் துப்பறிதலும் கலந்த படம் ஒன்றை எப்படி எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

இவ்வகைப் படத்தில் சிரிப்பு பிறக்க வேண்டுமானால் இரண்டு விஷயங்கள் விளையாட்டாக இருக்கக் கூடாது. குற்றம் நிஜமான குற்றமாக இருக்க வேண்டும். சிறுவர்கள் தங்கள் வேலையை முழு மனதோடு நம்பிச் செய்ய வேண்டும். திருடர்கள் வெறும் கோமாளிகளாக இருந்தால் துப்பறிவதற்கு ஒன்றும் மிஞ்சாது. சிறுவர்கள் தங்களையே கேலி செய்துகொண்டு திரிந்தால் பார்ப்பவருக்கும் கவலை விட்டுப்போகும். 'ஹ்யூ அண்ட் க்ரை'யில் வரும் பையன்களில் ஒருவன்கூடத் தான் வேடிக்கை செய்வதாக நினைப்பதில்லை. அவர்களுடைய அக்கறையும், அதைக் கண்டுகொள்ளாத பெரியவர்களின் அலுப்பும் மோதும் இடத்தில்தான் படம் முழுக்கச் சிரிப்பு எழுகிறது.

இந்த வழியைத் திரையில் முதலில் காட்டியது ஜெர்மனி. எரிஹ் கேஸ்ட்னர் 1929இல் எழுதிய 'எமிலும் துப்பறிவாளர்களும்' என்ற சிறுவர் நாவலை, 1931இல் கெர்ஹார்ட் லாம்ப்ரெஹ்ட் படமாக்கினார். பிற்காலத்தில் ஹாலிவுட்டில் பெரும்புகழ் பெற்ற பில்லி வைல்டர், தம் இளம் வயதில் எழுதிய திரைக்கதை அது. சிற்றூரிலிருந்து பெர்லினில் உள்ள பாட்டி வீட்டுக்கு ரயிலில் போகும் எமிலின் பணத்தை, தொப்பி வைத்த ஒரு சகபயணி திருடிவிடுகிறான். போலீசிடம் போக எமிலுக்குப் பயம். ஊரில் அவன் செய்த குறும்பு ஒன்று அதற்குக் காரணம். பெர்லின் தெருப் பையன்கள் அவனோடு சேர்ந்துகொள்கிறார்கள். ஒருவன் தொலைபேசிக்குக் காவல், சிலர் திருடன் தங்கியிருக்கும் ஓட்டலைச் சுற்றி உளவு. கடைசியில் அந்த ஆள் எங்கே திரும்பினாலும் பின்னால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். பணத்தாள்களைச் சட்டைப்பையில் குண்டூசியால் எமில் குத்தி வைத்திருந்தான். தாளில் இருந்த ஊசித்துளையே திருட்டுக்குச் சாட்சியாகிறது. சாட்சியம் ஒரு சிறுவனின் சாதாரணப் பழக்கத்திலிருந்து வருகிறது, பெரியவர் யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை. இவ்வகைக் கதைகளில் நல்லது எது, சுமாரானது எது என்று பிரித்துப் பார்க்க இந்த ஒரு அளவுகோல் போதும்.

அந்தப் பெர்லின் படம் வந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நாஜிகள் ஆட்சியைப் பிடித்தனர். 1933 மே 10 அன்று பெர்லினில் புத்தகங்கள் எரிக்கப்பட்டபோது கேஸ்ட்னரின் நூல்களும் நெருப்பில் விழுந்தன. அவரே கூட்டத்தில் நின்று அதைப் பார்த்தார். வைல்டர் நாட்டைவிட்டு வெளியேறினார். எமிலாக நடித்த ரோல்ஃப் வென்க்ஹாஸ் 1942இல் ஜெர்மன் போர் விமானம் ஒன்றில் சென்றபோது உயிரிழந்தார். திரையில் பெர்லின் தெருக்களில் துள்ளி ஓடிய அந்தப் பிள்ளைகளில் வேறு சிலரும் அதே போரில் மடிந்தார்கள். அதே போர் லண்டனில் விட்டுச்சென்ற இடிபாடுகள்தான் கிரைட்டனின் படத்துக்கு மேடையானது.

கதையின் மையப் பொருள் ஒரு வாரப்பத்திரிகை. சிறுவர்களுக்கென்று மலிவு விலையில் சாகசக் கதைகளை அச்சிட்டுத் தள்ளிய பத்திரிகைகள் பிரிட்டனில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே உண்டு. அவற்றில் நீண்ட காலம் வாழ்ந்த துப்பறிவாளர் செக்ஸ்டன் பிளேக். 1893இல் பிறந்த இந்தப் பாத்திரத்தை வெவ்வேறு எழுத்தாளர்கள் மாறி மாறி எழுதினார்கள். கதைகளின் எண்ணிக்கை ஆயிரங்களைத் தாண்டியது. இத்தகைய வாரப்பத்திரிகைகள் பையன்களின் மனத்தில் என்ன விதைக்கின்றன என்று ஜார்ஜ் ஆர்வெல் 1940இல் விரிவான கட்டுரை ஒன்றே எழுதினார். போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் அவற்றில் பல நின்றுபோயின. பள்ளிக்கூடக் கதைகளுக்குப் பேர்போன 'மேக்னட்' 1940இல் மூடப்பட்டது. கிளார்க் தம் படத்துக்காக 'தி ட்ரம்ப்' என்றொரு கற்பனைப் பத்திரிகையை உருவாக்கி, அதில் செல்வின் பைக் என்ற துப்பறிவாளரை உலவவிட்டார். பார்வையாளர்களுக்குச் செக்ஸ்டன் பிளேக் நினைவுக்கு வந்திருப்பார் என்பதில் சந்தேகமில்லை.

இதில் தமிழ் வாசகருக்கும் ஒரு சொந்தம் உண்டு. செக்ஸ்டன் பிளேக் கதைகளை வெளியிட்ட அமல்கமேட்டட் பிரஸ் 1959இல் ஃப்ளீட்வே என்று பெயர் மாறியது. அந்த நிறுவனம் 1962இல் தொடங்கிய 'வேலியண்ட்' வாரப்பத்திரிகையின் முதல் இதழிலேயே, எஃகுக் கை கொண்ட நாயகன் ஒருவனின் படக்கதை ஆரம்பமானது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக வந்த 'இரும்புக்கை மாயாவி' அதே கதைதான். மாயாவியின் அடுத்த புத்தகத்துக்காகப் பெட்டிக்கடை வாசலில் காத்து நின்ற தலைமுறைக்கு, இந்தப் படத்தின் பையன்கள் 'தி ட்ரம்ப்' இதழுக்காகத் தவிக்கும் தவிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கதை தொடங்குவதும் அந்தத் தவிப்பில்தான். ஜோ கர்பி என்ற பையன் தெருவில் நடந்துகொண்டே செல்வின் பைக் கதையைப் படிக்கிறான். கதையில் குற்றவாளிகள் பயன்படுத்தும் வேன் ஒன்று வருகிறது. அதன் பதிவு எண்ணும் அச்சாகியிருக்கிறது. தலை நிமிர்ந்தால், அதே எண்ணுள்ள வேன் தெருவில் நிற்கிறது. அதிலிருந்து பெட்டிகளை இறக்கி, விலங்குத்தோல் ஆடைகள் விற்கும் கடைக்குள் கொண்டுபோகிறார்கள். கதைப்படி பெட்டியில் பிணம் இருக்க வேண்டும். ஜோ கடைக்குள் நுழைந்து பெட்டியைத் திறந்து பார்க்கிறான், கையும் களவுமாகப் பிடிபடுகிறான். உள்ளே பிணம் இல்லை. இன்ஸ்பெக்டர் ஃபோர்டு அவனைக் கண்டித்து, கண்டதையும் படித்துக் கற்பனையை வளர்த்துக்கொள்ளாதே என்று அறிவுரை சொல்லி அனுப்புகிறார். அதன்பின் ஜோ, கோவென்ட் கார்டன் மார்க்கெட்டில் காய்கனி வியாபாரம் செய்யும் நைட்டிங்கேல் என்பவரிடம் வேலைக்குச் சேர்கிறான்.

இந்த ஆரம்பக் காட்சிகளில் கிளார்க்கின் கைவேலை தெரிகிறது. பெட்டியில் பிணம் இல்லை என்றதும், கதையை நம்பும் பையனின் பேதைமையைக் காட்டி முடித்துவிடப்போகும் படம் என்றே தோன்றும். நடப்பது வேறு. ஜோ விவரத்தில் தவறினாலும் அடிப்படையில் சரியாகவே பிடித்திருக்கிறான். திருட்டுக் கும்பல் ஒன்று அந்தப் பத்திரிகையையே தபால்போலப் பயன்படுத்துகிறது. எழுத்தாளர் எழுதித் தரும் கதையில், அச்சுக்குப் போகும் முன் யாரோ சிறு மாற்றங்கள் செய்கிறார்கள். அடுத்த கொள்ளை எங்கே, எப்போது என்ற தகவல் அந்த மாற்றங்களுக்குள் பொதிந்திருக்கிறது. கும்பலைச் சேர்ந்தவர்கள் கடையில் பத்திரிகை வாங்கிப் படித்துத் தகவல் தெரிந்துகொள்கிறார்கள். கடிதம் இல்லை, தொலைபேசி இல்லை, யாரும் யாரையும் சந்திக்கத் தேவையும் இல்லை. பெரியவர்கள் சீந்தாத சிறுவர் பத்திரிகை என்பதாலேயே இந்த வழி அவர்களுக்குப் பத்திரமாக இருக்கிறது. ஆகவே இந்தக் குற்றத்தைக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள், அந்தப் பத்திரிகையை எழுத்துக்கூட்டி ஒரு வரி விடாமல் படிக்கிறவர்கள் மட்டுமே. போலீசுக்கு ஏன் தெரியவில்லை, சிறுவர்களுக்கு ஏன் தெரிந்தது என்ற கேள்விக்கு இந்தக் கதையில் கச்சிதமான விடை இருக்கிறது. இவ்வகைப் படங்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த ஒரு கேள்வியில்தான்.

குற்றத்தின் நடைமுறையில் கிளார்க்குக்கு இருந்த அக்கறைக்கு வாழ்க்கைக் காரணமும் உண்டு. பத்திரிகையாளராக இருந்த அவர், போர்க்காலத்தில் லண்டன் மாநகரப் போலீசில் துணைக் காவலராகப் பணியாற்றியவர். பின்னாளில் 'தி லாவெண்டர் ஹில் மாப்' எழுதும்போது, தங்கக் கட்டிகளை எப்படித் திருடலாம் என்று இங்கிலாந்து வங்கியிடமே போய் ஆலோசனை கேட்டார். அந்தத் திரைக்கதைக்கு அவருக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. வேடிக்கைப் படம்தானே என்று குற்றத்தின் செய்முறையில் அவர் சலுகை எடுத்துக்கொண்டதே இல்லை.

ஜோவும் அவன் நண்பன் அலெக்கும் கதாசிரியரைத் தேடிப் போகும் காட்சி படத்தின் உச்சங்களில் ஒன்று. ஃபெலிக்ஸ் வில்கின்சன் என்ற அந்த எழுத்தாளராக நடித்தவர் ஆலஸ்டர் சிம். எடின்பரோவில் பிறந்து, பேச்சுக்கலை ஆசிரியராக இருந்து, முப்பது வயதை ஒட்டி நாடகத்துக்கு வந்தவர். படத்தில் அவர் வரும் நேரம் குறைவு. ஆனாலும் விளம்பரங்களில் அவர் பெயரே முன்னால் நின்றது. பையன்கள் வளைந்து வளைந்து மேலே போகும் மாடிப்படி ஒன்றில் ஏறுகிறார்கள். சுவரில் நீண்ட நிழல்கள். ரத்தம் உறைய வைக்கும் கதைகளை எழுதும் ஆசாமி எவ்வளவு பயங்கரமானவராக இருப்பாரோ என்று அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கதவுக்கு அப்பால் இருப்பவர் எதற்கெடுத்தாலும் நடுங்குகிற, நாசூக்கான, தனிமையான மனிதர். தம் கதைகளை மாற்றுகிறார்கள் என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் வருகிறது. அதன் பின்னால் கொலைக்கும் அஞ்சாத கும்பல் இருக்கிறது என்று புரிந்ததும் கோபம் பயமாகிறது. சிம்மின் முகத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்கு நடக்கும் அந்த மாற்றம் சில நொடிதான். அவரது பெரிய, கலங்கிய கண்கள் அதைச் செய்துவிடுகின்றன.

எழுத்தில் வீரம், வாழ்வில் பயம் என்ற இந்தப் பாத்திர வார்ப்பு பிறகு இந்தியாவிலும் அழகாக மலர்ந்தது. சத்யஜித் ரே 1974இல் எடுத்த 'சோனார் கெல்லா'வில் சந்தோஷ் தத்தா நடித்த ஜடாயு என்ற சாகசக் கதாசிரியர் அதே குடும்பம். அங்கேயும் துப்பறிவாளர் ஃபெலுதாவின் பக்கத்தில் தோப்ஷே என்ற பதின்வயதுப் பையன் நிற்கிறான். ரேயின் படத்தில் பெரியவர் துப்பறிய, பையன் உடன் போகிறான். ஈலிங் படத்தில் பையன்கள் துப்பறிய, பெரியவரை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. இரண்டிலும் கதாசிரியர் நகைப்புக்கு உரியவராக இருந்தும் அவமானப்படுத்தப்படுவதில்லை. அந்தப் பரிவு எழுதியவர்களின் பண்பைக் காட்டுகிறது.

பத்திரிகை அலுவலகத்தில் கதைகளை மாற்றுவது ரோனா என்ற பெண் என்று பையன்கள் கண்டுபிடிக்கிறார்கள். வேலரி ஒயிட் நடித்த இந்தப் பாத்திரம், அந்தக் கால அமெரிக்கக் குற்றப் படங்களின் கல்நெஞ்சக்காரியை அப்படியே உரித்து வைத்தது. பையன்கள் அவளைக் கட்டிப்போட்டு உண்மையைக் கக்க வைக்கப் பார்க்கிறார்கள். மிரட்டத் தெரியாத பிள்ளைகள். அவளோ அசைந்து கொடுப்பதில்லை. கடைசியில் வேலை செய்வது ஒருவன் வைத்திருக்கும் எலி. சித்திரவதைக் காட்சியின் அமைப்பு முழுவதும் நிஜக் குற்றப் படத்தினுடையது: நாற்காலி, கயிறு, சுற்றி நிற்கும் முகங்கள். நடுவில் இருக்கும் கருவி மட்டும் எலி. பையன்கள் முகத்தில் சிரிப்பில்லை என்பதால் பார்ப்பவரால் சிரிக்காமல் இருக்க முடிவதில்லை.

இடையில் அவர்கள் தோற்கவும் செய்கிறார்கள். கொள்ளை நடக்கப்போகும் கடையில் பதுங்கியிருந்து, இருட்டில் போலீஸ்காரர்களையே திருடர்கள் என்று நினைத்துத் தாக்கிவிட்டு, பாதாளச் சாக்கடை வழியாகத் தப்பி ஓடுகிறார்கள். அதற்குப்பின் அவர்கள் போடும் திட்டம் கும்பலின் முறையையே கும்பல்மீது திருப்புவது. வில்கின்சனை ஒரு கதை எழுத வைத்து, எல்லாத் திருடர்களும் குறிப்பிட்ட நேரத்தில் ஆற்றங்கரைத் துறை ஒன்றுக்கு வந்து சேரும்படி செய்தி அனுப்புவது. ஜோ தன் முதலாளி நைட்டிங்கேலை நம்பி அவரிடம் விஷயத்தைச் சொல்கிறான். கும்பலின் தலைவர் அவரேதான்.

நைட்டிங்கேலாக நடித்த ஜாக் வார்னர், போர்க்கால வானொலியில் நாடே விரும்பிக் கேட்ட நகைச்சுவைக் கலைஞர். கலகலப்பான, பையன்களுக்குச் செல்லமான காய்கனி வியாபாரியாக அவர் வரும்போது அரங்கில் யாருக்கும் சந்தேகம் தோன்றியிருக்காது. மர்மத்தைக் காப்பாற்றியது கதை அமைப்பு பாதி, இந்த நடிகர் தேர்வு பாதி. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1950இல், அதே கிளார்க் எழுதிய 'தி ப்ளூ லாம்ப்' படத்தில் வார்னர் ஜார்ஜ் டிக்சன் என்ற நேர்மையான போலீஸ்காரராக நடித்தார். அந்தப் படத்தில் டிக்சன் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஆனாலும் மக்கள் விட்டுவிடவில்லை. பாத்திரத்துக்கு மறுபடி உயிர் கொடுத்து பிபிசி தொலைக்காட்சியில் 1955இல் தொடங்கிய தொடர் 1976 வரை ஓடியது. திரையில் பையன்களை ஏமாற்றிய கொள்ளைக்கூட்டத் தலைவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டிஷ் வீடுகளில் போலீஸ் என்றாலே நினைவுக்கு வரும் முகமானார்.

முடிவுக் காட்சிக்காக லண்டனின் பையன்கள் அனைவரும் திரட்டப்படுகிறார்கள். செய்தி வாய்க்கு வாய் பரவுகிறது, வானொலியிலும் போகிறது. தெருக்களிலிருந்தும் சந்துகளிலிருந்தும் சைக்கிளிலும் ஓட்டமாகவும் நூற்றுக்கணக்கானோர் கிளம்பி, தேம்ஸ் கரையின் குண்டு விழுந்த வெளிகளில் வந்து கொட்டுகிறார்கள். படத்தின் தலைப்பு குறிக்கும் பழைய வழக்கமும் இதுவே. 1285ஆம் ஆண்டு வின்செஸ்டர் சட்டப்படி, குற்றவாளியைக் கண்டவர் கூக்குரல் எழுப்பினால் ஊர் முழுவதும் சேர்ந்து துரத்தியாக வேண்டும். ஊர்க்காவல் என்ற பொறுப்பை இந்தப் படத்தில் பிள்ளைகள் ஏற்கிறார்கள். மண்ணிலும் செங்கல் குவியலிலும் நடக்கும் அந்த அடிதடி பெரும் கொண்டாட்டமாகத் திரையில் விரிகிறது. ஆனால் அதை ஒட்டியே கிரைட்டன் வேறொரு காட்சியை வைக்கிறார். கூட்டத்திலிருந்து பிரிந்து ஜோவும் நைட்டிங்கேலும் மட்டும் பாழடைந்த கிடங்கு ஒன்றுக்குள் தனியாகச் சந்திக்கிறார்கள். தளங்கள் இடிந்து ஓட்டை விழுந்த கட்டடம். இங்கே இசையும் கூச்சலும் அடங்கிவிடுகின்றன. வளர்ந்த ஆள் ஒருவன் சிறுவனைக் கொல்ல வருகிறான் என்ற நிஜம் சில நிமிடம் படத்தை முழுவதும் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் ஜோ மேலிருந்து அவன் வயிற்றின் மேல் குதிக்கிறான். அந்தக் குதியில் வெற்றியோடு வன்மமும் இருக்கிறது. நம்பிய பெரியவர் செய்த துரோகத்துக்குப் பையன் கொடுக்கும் பதில் அது. லேசான படம் என்று நினைத்துப் பார்க்கிறவரை இந்த இடம் நிமிர்ந்து உட்கார வைக்கும். பிறகு தேவாலயப் பாடகர் குழுவில் கண் வீங்கி, கட்டுப்போட்டு நிற்கும் பையன்களோடு படம் பழைய கலகலப்புக்குத் திரும்பிவிடுகிறது.

படத்தின் பெரும்பகுதி ஸ்டூடியோவுக்கு வெளியே, லண்டன் தெருக்களிலேயே எடுக்கப்பட்டது. அன்றைய பிரிட்டிஷ் சினிமாவில் அது வழக்கமல்ல. 1940 செப்டம்பர் 7இல் தொடங்கி 57 இரவுகள் விடாமல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்ட நகரம் அது. அதே ஆண்டு டிசம்பர் 29 இரவில் செயின்ட் பால் தேவாலயத்தைச் சுற்றியிருந்த பகுதி எரிந்தபோது, புத்தக வியாபாரத்தின் மையமான பாட்டர்னாஸ்டர் தெருவில் லட்சக்கணக்கான புத்தகங்கள் சாம்பலாயின. 1946இல் கிரைட்டன் படமெடுக்கப் போனபோதும் அந்த வெளிகள் அப்படியே கிடந்தன: கூரையற்ற சுவர்கள், உள்ளே முளைத்த களைச்செடிகள், வானத்தைக் காட்டும் ஜன்னல் சட்டங்கள். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப், 1939இல் டான்சிக்கிலும் வார்சாவிலும் போர் தொடங்கும் தறுவாயைக் கேமராவில் பதிவு செய்தவர். இடிபாட்டை அவர் சோகப் பொருளாகக் காட்டவில்லை. பகல் வெளிச்சத்தில் அகலமாக, ஆழமாகக் காட்டினார். எந்தச் சுவரில் ஏறலாம், எந்தப் பொந்தில் ஒளியலாம் என்று பார்க்கும் பையனின் கண்ணோட்டம் அது.

அந்த வெளியில் ஒரு சின்னப் பையன் தனியாக உட்கார்ந்து, வாயாலேயே விமானச் சத்தமும் குண்டு விழும் சத்தமும் எழுப்பிக்கொண்டிருப்பான். கதைக்கும் அவனுக்கும் தொடர்பில்லை. படத்தில் போரைப் பற்றிப் பேச்சே அநேகமாகக் கிடையாது. அதற்கு ஈடாக இந்த ஒரு பையன் போதும். 1946இல் பதினைந்து வயதான லண்டன் பையனுக்குக் குண்டுவீச்சின்போது வயது ஒன்பது. அவனுடைய பள்ளிப் பருவம் சுரங்க ரயில் நிலையத் தங்கலிலும், கிராமத்துக்கு அனுப்பப்பட்டதிலும் கழிந்தது. ரோபெர்டோ ரோசெல்லினி 1948இல் வெளியிட்ட 'ஜெர்மனி, ஆண்டு பூஜ்யம்' படத்தில் பெர்லின் இடிபாடுகளில் அலையும் பன்னிரண்டு வயது எட்மண்ட், இறுதியில் இடிந்த கட்டடத்திலிருந்து குதித்து மாய்கிறான். இரண்டு நகரங்களும் இரண்டு விதமாகப் போரிலிருந்து வெளியே வந்தன. ஒரே மாதிரியான பாழ்நிலம் ஒன்றில் விளையாட்டுத் திடலாகவும் மற்றதில் சவக்குழியாகவும் ஆனது. லண்டன் படத்தின் மகிழ்ச்சியை மேலோட்டமானது என்று ஒதுக்க முடியாது. உயிரோடு மிஞ்சியவர்களின் மகிழ்ச்சி அது.

காலத்தின் அடையாளங்கள் வேறு இடங்களிலும் உண்டு. துணிக்கு ரேஷன் இருந்த நாட்டில் கும்பல் குறிவைக்கும் பொருள்களில் விலங்குத்தோல் ஆடையும் ஒன்று. பதின்வயதிலேயே ஜோ மூட்டை தூக்கப் போவதும் அன்றைய நடப்பே. கட்டாயக் கல்வி வயது பதினைந்தாக உயர்ந்தது படம் வெளியான பிறகு, 1947 ஏப்ரல் 1 அன்றுதான். கோவென்ட் கார்டன் காய்கனிச் சந்தையின் கூடைகளும் கைவண்டிகளும் படத்தில் அப்படியே பதிவாகியிருக்கின்றன; அந்தச் சந்தை 1974இல் நைன் எல்ம்ஸ் பகுதிக்கு மாறிப்போனது.

ஜோவாக நடித்த ஹாரி ஃபௌலர் லாம்பெத்தில் பிறந்தவர், தெருவில் பத்திரிகை விற்றவர். பதின்வயதிலேயே சினிமாவுக்கு வந்துவிட்ட அவருக்கு இந்தப் படத்தின்போது ஏறக்குறைய இருபது வயது. ஆனாலும் குரலிலும் நடையிலும் தெருப் பையனின் துறுதுறுப்பு குறையவில்லை. குழுவில் பேர் சொல்லும்படி இருக்கும் ஒரே பெண் கிளாரி. அந்தப் பாத்திரத்தில் நடித்த ஜோன் டௌலிங் பையன்களுக்குச் சமமாக வாயாடுகிறார், ஓடுகிறார். குழுவில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்திருந்தால் படம் மேலும் செழித்திருக்கும் என்பது உண்மை. 1938இலேயே அமெரிக்காவில் போனிட்டா கிரான்வில், துப்பறியும் பெண் நான்ஸி ட்ரூவாகத் தனியே ஒரு படத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தார். டௌலிங்கும் ஃபௌலரும் 1951இல் மணந்துகொண்டனர். டௌலிங் 1954இல், 26ஆவது வயதில் காலமானார். மற்றப் பையன்களில் பலர் அதற்குமுன் நடித்துப் பழக்கமில்லாதவர்கள். அவர்கள் வசனம் பேசுவதில் சில இடங்களில் தட்டுத்தடங்கல் தெரியும். கூட்டமாக ஓடும்போது ஒரு குறையும் தெரியாது.

கிரைட்டன் அடிப்படையில் படத்தொகுப்பாளர். மைசூர் யானைப்பாகன் வீட்டுச் சிறுவன் சாபு நடித்த 'எலிஃபண்ட் பாய்' அவர் தொகுத்த படங்களில் ஒன்று. துரத்தல் காட்சிகளில் எங்கே வெட்டினால் வேகம் கூடும், எங்கே நிறுத்தினால் சிரிப்பு விழும் என்று அவர் கைக்குத் தெரியும். இசை ஜோர்ஜ் ஓரிக். ழான் கோக்தோவின் படங்களுக்கு இசையமைத்த பிரெஞ்சுக்காரர். தலைப்பு எழுத்துகள் சுவரில் சுண்ணக்கட்டியால் கிறுக்கியதுபோல் வரும்போதே அவர் இசை குறும்பாகத் துள்ளத் தொடங்கிவிடும்.

படத்தின் வெற்றி ஈலிங்குக்கு வழி காட்டியது. ஒரு சிறு வட்டாரம், அங்கே வாழும் சாமானியர்கள், சட்டத்தையோ அதிகாரத்தையோ ஓரமாகத் தள்ளிவிட்டு அவர்கள் தாங்களே முடிவெடுக்கும் சில நாட்கள் என்ற அமைப்பு இங்கிருந்து வளர்ந்தது. 1949இல் கிளார்க் எழுதிய 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ' அதே குண்டுக்குழியிலிருந்தே புறப்படுகிறது. வெடிக்காமல் கிடந்த குண்டு ஒன்று வெடித்ததும் கிடைக்கும் பழைய ஆவணம் ஒரு தெருவையே தனி நாடாக்குகிறது. 1951இல் கிரைட்டனும் கிளார்க்கும் மறுபடி கைகோத்து 'தி லாவெண்டர் ஹில் மாப்' எடுத்தார்கள். கிரைட்டன் எழுபத்தைந்து வயதைத் தாண்டியபின் 1988இல் 'எ ஃபிஷ் கால்டு வாண்டா'வை இயக்கினார். அதுவும் குற்றமும் சிரிப்பும் கலந்ததே. ஈலிங் ஸ்டூடியோ வளாகம் 1955இல் பிபிசிக்கு விற்கப்பட்டது.

சிறுவர் துப்பறியும் படத்தைத் தனித் தொழிலாகவே ஆக்கியது வேறொரு அமைப்பு. 1951இல் தொடங்கப்பட்ட சிறுவர் திரைப்பட நிறுவனம், சினிமா டிக்கெட் வருவாயிலிருந்து கிடைத்த நிதியைக் கொண்டு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக ஓடும் படங்களை ஆண்டுதோறும் தயாரித்தது. சனிக்கிழமை காலைக் காட்சிகளில் அரைக்கால்சட்டைக் கூட்டம் அவற்றைப் பார்த்துக் கூச்சலிட்டது. ஒரு நாய், ஒரு தள்ளுவண்டி, திருட்டு நகை, அதைப் பிடிக்கும் நான்கு பிள்ளைகள் என்று பெரும்பாலான கதைகள் அமைந்தன. அவற்றுள் நல்ல படங்களும் உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றில் திருடர்கள் தாமாகவே தடுக்கி விழுகிறவர்கள். நைட்டிங்கேலைப்போல ஒரு பையனைக் கொல்லத் துணிகிற ஆள் அவற்றில் வருவதில்லை. குழந்தைகள் பயப்படுவார்கள் என்ற அக்கறை அதற்குக் காரணம். ஃபௌலரும் சிம்மும் வார்னரும் நடித்த படத்தைப் பார்க்க வந்த 1947ஆம் ஆண்டுப் பிள்ளைகள் அந்தப் பயத்தையும் சேர்த்தே விரும்பினார்கள்.